இரண்டு பேருக்குச் சம்பளம்: டெபியனில் உதவியும் வேலையும் உரசிக்கொண்ட நிகழ்வு

டெபியன் இயங்குதளத்தை உருவாக்கும் சமூகத்துக்கு எழுதப்பட்ட அமைப்புச் சட்டம் உண்டு. 1998 டிசம்பரில் ஏற்கப்பட்டது. தலைவர் தேர்தல், வாக்கெண்ணும் முறை என்று வறட்சியாகப் போகும் அந்த ஆவணத்தில், இந்தத் திட்டத்துக்காக வேலை செய்யும் கடமையை இந்தச் சட்டம் யார் மீதும் சுமத்தாது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. முதல்முறை படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஆயிரக்கணக்கான பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை) கொண்ட ஓர் இயங்குதளம், அதன் மேல் ஓடும் எத்தனையோ சர்வர்கள், ஆனால் யாருக்கும் எந்தக் கட்டாயமும் கிடையாது!

டெபியன் போன்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவருக்கு அது இலவசம். சொன்னவருக்கு அது ஒரு மாலை நேரம். அந்த மாலை நேரத்துக்கு யாராவது காசு கொடுக்கலாமா, கொடுத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை டெபியன் சமூகம் 2006-இல் நேருக்கு நேர் சந்தித்தது. மோசமாகவே சந்தித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தபோது பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. இடையில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு. திறமூல இயங்குதளத்தில் பழகி, அதிலேயே ஒரு வேலை கிடைக்காதா என்று பார்ப்பவருக்கு இந்த இரண்டு முயற்சிகளுக்கும் நடுவில் நிறைய விஷயம் இருக்கிறது.

பின்னணி

இயான் மர்டாக் என்ற மாணவர் 1993 ஆகஸ்டில் டெபியனை அறிவித்தார். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திட்டம் அது. நன்கொடைகளையும் சொத்துகளையும் சட்டப்படி வைத்துக்கொள்ள ஒரு லாபநோக்கற்ற அமைப்பு தனியே இருக்கிறது. தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவார். அவரால் ஒருவரை வேண்டிக்கேட்க முடியும்; உத்தரவு போட முடியாது.

அதற்காக, காசுக்கு அங்கே இடமே இருந்ததில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2002-இல் தலைவராக இருந்த ப்டேல் கார்பி எச்பி நிறுவனத்தின் ஊழியர். 2004-இல் மார்க் ஷட்டில்வொர்த் உபுண்டு என்ற இயங்குதளத்தைத் தொடங்கியபோது முதலில் வேலைக்கு எடுத்தவர்களில் பலர் டெபியன்காரர்கள். டெபியனின் இணையதளத்திலேயே கட்டண உதவி தரும் ஆலோசகர்களின் பட்டியல் நாடுவாரியாக இருக்கிறது. தனக்கு நேரமில்லை, காசு கொடுத்துச் செய்துகொள்கிறேன் என்று நினைக்கும் பயனர் அதில் ஆள் தேடலாம். பட்டியலில் இருப்பதால் அவர் வேலைக்கு டெபியன் உத்தரவாதம் என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் யாரும் பெரிதாகத் தப்பு சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2006-இன் கோபம் காசு என்ற ஒன்றின் மீதான கோபம் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அப்போதைய தலைவலி வெளியீட்டுத் தேதி. வுட்டி எனப்பட்ட 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆகிவிட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டு. டெபியனின் பொதிகளை வைத்தே கட்டப்பட்ட உபுண்டுவோ, 2004 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பை இறக்கிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சல் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

தாமதம் ஏன் என்று புரிய, வெளியீட்டு மேலாளர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். டெபியனில் வழுக்களுக்கு, அதாவது மென்பொருள் பிழைகளுக்கு, தீவிர நிலை உண்டு. மேலே உள்ள மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும் வழு வெளியீட்டையே நிறுத்தி வைக்கும். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான வழுக்களைப் பின்தொடர்வது, ஒரு நூலகம் (பல பொதிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) மாறினால் அதைச் சார்ந்த பொதிகள் எல்லாம் ஒன்றாக நகர்கின்றனவா என்று பார்ப்பது, திருத்த ஆளில்லாத பொதியைத் தூக்கிவிடுவது, கடைசி நேரத்தில் புதுப் பதிப்பைச் சேர்க்கக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது. புகழ் கிடைக்காது, திட்டு கிடைக்கும். இதை அவர்கள் அலுவலகம் முடிந்து வந்து இரவில் செய்துகொண்டிருந்தார்கள்.

முயற்சியும் அதன் விளைவும்

2006 செப்டம்பரில் டங்க்-டேங்க் என்ற பெயரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போதைய டெபியன் தலைவர் ஆண்டனி டவுன்ஸும் வேறு சிலரும் சேர்ந்து நடத்தியது. நன்கொடை திரட்டி, வெளியீட்டு மேலாளர்களான ஸ்டீவ் லாங்காசெக், ஆண்ட்ரியாஸ் பார்த் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மாதம் முழுநேரச் சம்பளம் கொடுப்பது. அடுத்த பதிப்பான எட்சை டிசம்பர் 4-க்குள் வெளியிடுவது. திட்டம் டெபியனுக்கு வெளியே நடப்பதாகவும், இது ஒரு சோதனை முயற்சி என்றும் சொன்னார்கள்.

கேட்டவுடன் நியாயமாகத்தானே தோன்றுகிறது? எனக்கும் தோன்றியது. ஆனால் டெபியனுக்குள் தீப்பற்றியது. இந்த இருவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள். தலைவரே முன்னால் நிற்கும்போது இது வெளித்திட்டம் என்றால் யார் நம்புவது என்று கேட்டார்கள். ஒரே வேலையை ஒருவர் சம்பளத்துக்கும் இன்னொருவர் சும்மாவும் செய்தால் சும்மா செய்கிறவரின் நிலை என்ன என்று கேட்டார்கள். தலைவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கே போனது. அது தோற்றது. அதற்காகக் கோபம் தணிந்துவிடவில்லை.

டங்க்-பேங்க் என்று ஒரு எதிர்முகாமும் முளைத்தது. வெளியீட்டை நிறுத்தக்கூடிய வழுக்களைத் தேடித்தேடிப் பதிவு செய்து எட்சைத் தாமதப்படுத்துவது அவர்கள் அறிவித்த நோக்கம். அரை விளையாட்டு, அரை கோபம். வழுவைக் கண்டுபிடித்துச் சொல்வது டெபியனில் சேவை. ஆகவே எதிர்ப்பவர்களும் கடைசியில் எட்சின் தரத்துக்கே உழைத்தார்கள். இந்தச் சமூகத்தில் முழுமனதோடு நாசவேலை செய்வது கூட அவ்வளவு சுலபமில்லை போலிருக்கிறது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடந்தது. கத்தாதவர்களிடம். சிலர் பேசாமல் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பு நல்ல வேலை செய்துகொண்டிருந்த சிலர் வெகுவாக ஒதுங்கிவிட்டார்கள் என்று சம்பளம் பெற்ற மேலாளர்களில் ஒருவரே பின்னால் எழுதினார். அமைப்புச் சட்டத்தின் அந்த வரியை மறுபடி எடுத்துப் பாருங்கள். கட்டாயம் இல்லாத இடத்தில் வேலைநிறுத்தம் என்று ஒன்று தேவையே இல்லை. ஒரு நாள் உட்காராமல் இருந்தால் போதும்.

டிசம்பர் 4 வந்தது, போனது. எட்ச் வெளியானது 2007 ஏப்ரல் 8 அன்று. நான்கு மாதத் தாமதம். முழுப் பழியையும் டங்க்-டேங்க் தலையில் கட்டுவது சரியல்ல. மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோப்புகளை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு சேர்த்து வெளியிடலாமா என்று அதே மாதங்களில் தனியாக ஒரு பெரிய விவாதமும் வாக்கெடுப்பும் நடந்தன. இன்னொரு பக்கம், சார்ஜ் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இருபத்திரண்டு மாதத்தில் வந்த எட்ச் ஒரு முன்னேற்றம்தான். சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. டிசம்பரில் வந்தே தீரும் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு ஏப்ரலில் கொடுத்ததுதான் மனதில் நின்றது.

தவறு எங்கே என்று பார்த்தால்

காசு வந்தால் தொண்டு கெட்டுவிடும் என்று இந்த நிகழ்வைச் சுருக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எச்பி ஊழியர் தலைவராக இருந்தபோது கெடவில்லை, உபுண்டுவிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டே டெபியனில் வேலை செய்தவர்களால் முணுமுணுப்பு எழுந்தாலும் உடையவில்லை. டங்க்-டேங்கில் கசந்தது மூன்று விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுத்தது ஒரு சிறு வட்டம்; மற்றவர் விண்ணப்பிக்க வழியே இல்லை. தேர்ந்தெடுத்த வட்டத்தின் நடுவில் எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர். அப்புறம், வாங்கிய வேலை எல்லோரும் கூட்டாகச் செய்கிற வேலை. ஒருவர் வீட்டுக் கூரையை அவரே காசு கொடுத்து வேய்ந்துகொண்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடித்த இருவருக்கு மட்டும் கூலி என்றால் மற்றவர் கை தானாகத் தளரும்.

அந்த இருவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள், செய்துகொண்டிருந்தவர்கள்.

வாசல்கள் அகன்றன

அடுத்த சில ஆண்டுகளில் டெபியன் எடுத்த இரண்டு முடிவுகள் சம்பளத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் வேலை தேடும் பயனருக்கு அவையே அதிகம் உதவின. அதுவரை டெபியனில் முழு உறுப்பினர் ஆகும் நடைமுறை நீளமானது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 2007-இல் டெபியன் பராமரிப்பாளர் என்ற இடைநிலை வாக்கெடுப்பு மூலம் உருவானது. ஒரு பொதியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர், முழு உறுப்பினர் ஆகும் முன்னரே அதைத் தானே பதிவேற்றலாம். 2010-இல் பொதியே செய்யாமல் மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு போன்றவற்றில் உழைப்பவர்களையும் முழு உறுப்பினராக ஏற்கும் முடிவு வந்தது. நிரல் எழுதத் தெரியாது, எனக்கென்ன வேலை அங்கே என்று கேட்பவருக்கு அந்த முடிவுதான் பதில்.

இரண்டாவது முயற்சி

2014. டெபியனின் 6.0 பதிப்பான ஸ்குவீஸ் 2011 பிப்ரவரியில் வந்தது. பாதுகாப்புக் குழுவின் வழக்கமான ஆதரவு 2014 மே மாதத்தோடு முடிகிறது. ஆனால் பல நிறுவனங்களின் சர்வர்கள் ஸ்குவீஸிலேயே ஓடுகின்றன. உடனே மேம்படுத்த முடியாது. அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் வேண்டும். தன்னார்வலர்களோ, பழைய பதிப்பை நோண்டிக்கொண்டிருக்க யாரும் ஆசைப்படவில்லை.

ஃப்ரெக்சியன் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ரஃபேல் எர்ட்சோ நீண்டநாள் டெபியன்காரர். அவர் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். திருத்தம் வேண்டும் நிறுவனங்கள் மணிக்கணக்கில் நிதி கொடுக்கும். அந்த மணிகளை டெபியன் பங்களிப்பாளர்கள் பகிர்ந்துகொண்டு வேலை செய்வார்கள். யார் எத்தனை மணி நேரம், எந்தப் பொதியில், என்ன செய்தார்கள் என்று மாதாமாதம் பொதுவில் அறிக்கை வரும். நீண்டகால ஆதரவு என்ற பெயரில் ஸ்குவீஸ் 2016 பிப்ரவரி வரை ஓடியது. அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் இது தொடர்ந்து, ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து ஆண்டு ஆதரவு என்பது டெபியனில் வழக்கமாகிவிட்டது.

காலமும் சாதகமாக இருந்தது. அதே 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வெளிப்பட்டிருந்தது. உலகத்தின் பெரும்பகுதி இணையப் போக்குவரத்தைப் பூட்டி வைத்திருந்த அந்த நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் என்பது தெரியவந்தபோது பலருக்கு வெட்கமாகப் போனது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் நிதி திரட்டியது. காசு கொடுப்பது அசிங்கம் என்ற நிலை போய், கொடுக்காமல் இருப்பது அசிங்கம் என்ற நிலை வந்தது. (ஸ்குவீஸில் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய 0.9.8 வரிசை என்பதால் ஹார்ட்பிளீட் அதைத் தொடவே இல்லை. பழசுக்கும் சில நேரம் யோகம் அடிக்கும்.)

சரி, இங்கே ஏன் சண்டை வரவில்லை? டெபியன் தலைவர் இதை நடத்தவில்லை. ஒரு நிறுவனம் தன் பெயரில் நடத்தியது. பெயர் குறித்து இருவரைத் தூக்கிவைக்கவில்லை. தகுதியுள்ள பங்களிப்பாளர் யாரும் சேரலாம். முக்கியமாக, விலைக்கு வாங்கப்பட்டது யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலை. காசு கொடுத்தவர்களும் அந்தத் திருத்தமே தேவைப்பட்டவர்கள். பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கவில்லை. தேதி வாக்குறுதி எதுவும் இல்லை. மணி நேரம் மட்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும்? ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்படுகிறது. மூலத் திட்டத்தார் புதிய பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்கள். கையில் இருப்பதோ ஐந்து வருடப் பழைய நிரல். முதலில், இந்தப் பழைய நிரலில் அந்த ஓட்டை இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். பல நேரம் இருக்காது, அதை உறுதி செய்யவே அரைநாள் போகும். இருந்தால், திருத்தத்தை எடுத்துப் பழைய நிரலுக்கு ஒட்டும்படி மாற்ற வேண்டும். நிரலுக்குள் இருக்கும் செயற்கூறின் பெயர் மாறியிருக்கும், பாதி கோப்பு வேறு இடத்தில் இருக்கும். ஒட்டிய பின் எதுவும் உடையவில்லை என்று சோதித்து, பதிவேற்றி, அறிவிப்பும் எழுத வேண்டும். 2014 செப்டம்பரில் பாஷ் என்ற கட்டளை நிரலில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெடித்தபோது ஸ்குவீஸுக்கும் திருத்தம் வந்தது இந்த ஏற்பாட்டினால்தான். வழக்கமான ஆதரவு அதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே முடிந்திருந்தது.

பயனர் இதில் எங்கே நுழைகிறார்

இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கும்போது பட்டம் என்ன என்று முதலில் கேட்பதில்லை. இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி ஏற்கெனவே கிடக்கிறது. வழு அறிக்கையில் கிடக்கிறது, பொதியின் மாற்றக் குறிப்பில் நன்றி சொன்ன வரியில் கிடக்கிறது, கோபப்பட்ட ஒரு பயனருக்கு நிதானமாக எழுதிய பதிலில் கிடக்கிறது.

நான் எழுதிய முதல் வழு அறிக்கை ஒரே வரி: இன்ஸ்டால் செய்தேன், வேலை செய்யவில்லை. பராமரிப்பாளர் பொறுமைசாலி. எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, திரையில் என்ன வந்தது, முந்தைய பதிப்பில் சரியாக இருந்ததா என்று நான்கு கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போதே தப்பு என் அமைப்புக் கோப்பில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சிக்கலைத் தீர்க்க அல்ல, சிக்கலைச் சொல்ல. பின்னாளில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அந்த நான்கு கேள்விகளைத்தான், வேறு வார்த்தைகளில்.

டெபியனின் வழுப் பதிவில் அறிக்கை அனுப்பக் கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்பக் என்ற கருவி பதிப்பு விவரங்களைத் தானே சேர்த்து அனுப்பிவிடும். புதியவர்கள் எடுத்துச் செய்யத் தோதான வழுக்களுக்குத் தனிக் குறிச்சொல் இருக்கிறது. மேலும் விவரம் தேவை என்று குறிக்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய அறிக்கைகளை எடுத்து, இன்றைய பதிப்பிலும் அது நிகழ்கிறதா என்று சோதித்து எழுதுவது ஒரு வரி நிரல்கூட தேவைப்படாத உதவி. நன்றியுணர்ச்சி பொங்கப் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் இரண்டாம் முறை வரும்போது பராமரிப்பாளருக்கு ஞாபகம் இருக்கும்.

நேரடியாகக் காசோடு தொடங்கும் வாசல்களும் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. அவுட்ரீச்சி என்ற திட்டம், தொழில்நுட்பத்தில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்கு வழிகாட்டி ஒருவரோடு மூன்று மாதப் பணிப்பயிற்சியும் 7,000 டாலர் உதவித்தொகையும் தருகிறது. டெபியன் இரண்டிலும் பங்கெடுத்திருக்கிறது. அவுட்ரீச்சியில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: விண்ணப்பிக்கும் காலத்திலேயே அந்தத் திட்டத்துக்கு ஏதாவது பங்களித்துக் காட்ட வேண்டும். மீண்டும் அதே கதைதான், பேச்சுக்கு முன் வேலை.

கர்னல் பக்கம் போனால் நிலைமை இன்னும் தெளிவு. லினக்ஸ் கர்னலுக்கு வரும் மாற்றங்களில் சம்பளமில்லாதவர்கள் எழுதுவது 10 விழுக்காட்டுக்கும் கீழே என்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் 2017 அறிக்கை சொன்னது. உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் அதே 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ். வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது இயங்குதளத்தை எழுதுகிறவரை அல்ல, இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால் பதிவுக் கோப்பைப் படித்துக் காரணம் சொல்லத் தெரிந்தவரை.

இதன் மறுபக்கத்தை மறைத்தால் ஆய்வு முழுமையாகாது. உதவி செய்தால் வேலை தானாக வரும் என்பது பொய். பல ஆண்டு உழைத்தும் ஒரு காசு பார்க்காதவர்கள் இந்தச் சமூகத்தில் ஏராளம். மாலையில் இரண்டு மணி நேரம் சும்மா உழைக்க முடிவதே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறவர்கள், இரண்டாவது வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பொதுப் பதிவேட்டில் குறைவாகவே தென்படுவார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று அதைப் படிக்கிற நிறுவனம் ஏமாறும்.

யாரும் கூலி கொடுக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகள் ஒரே தன்னார்வலர் தாங்கிக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவ வந்தவர் போல ஒருவர் சேர்ந்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்தார். அது பிடிபட்டது டெபியனின் நிலையற்ற (அன்ஸ்டேபிள்) வரிசையில். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டியதில் வெளியே வந்தது. பாதுகாப்பு அவருடைய துறைகூட அல்ல, அவர் தரவுதளக்காரர். தன் கணினியில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட ஒரு பயனர், அவ்வளவுதான்.

டங்க்-டேங்க் மறுபடி நடக்கவில்லை. நீண்டகால ஆதரவு ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அதன் மாத அறிக்கைகளைப் படித்தால் பெரும்பாலும் சலிப்பூட்டும்: இந்தப் பொதி, இந்த ஓட்டை, இத்தனை மணி. அவற்றின் நடுவே அடிக்கடி ஒரு வகை வரி வரும். இந்த மாதம் ஒதுக்கிய மணிகளை முடிக்க முடியவில்லை, மீதியைப் பொதுக் கணக்குக்கே திருப்பிக் கொடுக்கிறேன். அடுத்த மாதம் அந்த மணிகளை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.